காராமணி ஏன் வேகவில்லை?

(பெண்கள் கூட்டத்தில் நமது நலக்குழு சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அன்புத் தாய்மார்களே, சகோதரிகளே! துணைக்கு வந்து வாசல் பக்கம் நின்று கொண்டிருக்கும் சகோதரர்களே! நீங்களும் கொஞ்சம் உள்ளே வந்து உட்காருங்கள். இன்றைய பேச்சில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் ஒரு ஆலிமாவின் பயான் இருக்கும், அல்லது டாக்டர் ஒருவர் பேசுவார். இன்று காராமணியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். சிரிக்கலாம், தவறில்லை. ஆனால் விஷயம் சின்னதல்ல. மாதந்தோறும் நம் அறக்கட்டளை கொடுக்கும் மளிகைப் பையில் அரிசி, எண்ணெய், துவரம்பருப்பு, சர்க்கரை, டீத்தூள் இவற்றோடு ஒரு கிலோ காராமணியும் போகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கும்போது மற்றதெல்லாம் தீர்ந்திருக்கிறது. காராமணி மட்டும் பிரிக்காமலே அலமாரியில் இருக்கிறது. சில வீடுகளில் மூன்று மாதத்துப் பாக்கெட் மூன்றும் வரிசையாக இருந்தன.

ஏன் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறீர்கள். "எத்தனை விசில் விட்டாலும் வேகவே மாட்டேங்குது." "கேஸ் தீர்ந்து போகுதுங்க." "மாமியாருக்கு வயிறு உப்பிப் போகுது." "புள்ளைங்க தொடறதில்ல." "வண்டு வந்துடுச்சு, கோழிக்குப் போட்டுட்டோம்." காராமணிக்குப் பதில் சேமியாவும் மைதாவும் தரக்கூடாதா என்றும் கேட்டீர்கள். குழுவில் அதைப் பற்றி விவாதம் நடந்தது. மாற்றிவிடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. கடைசியில், எடுத்துவிடுவதற்கு முன்னால் ஒரு தடவை உட்கார்ந்து பேசிப் பார்ப்போம் என்று முடிவானது.

சேமியாவை ஏன் யோசித்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். தேசிய குடும்ப நல ஆய்வு என்று மத்திய அரசு எடுக்கும் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. அதில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். அதாவது இந்த அறையில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அதில் ஒருவருக்கு இரத்தம் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். எஸ்டேட்டில் ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்துவிட்டு வந்து, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது, கண் இருட்டுகிறது என்கிறீர்களே, வேலைக் களைப்பு என்று நினைத்து விட்டுவிடுகிறீர்கள். இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

காராமணியில் நூறு கிராமுக்கு 22 முதல் 24 கிராம் வரை புரதம் இருக்கிறது. இரும்புச் சத்து இருக்கிறது. கருவுற்ற பெண்ணுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிறாரே ஃபோலிக் அமிலம், அதுவும் நிறைய இருக்கிறது. 200 கிராம் காராமணியை வேகவைத்து ஐந்து பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 9 கிராம் புரதம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான். ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கும் காசில் ஆறேழு கிலோ காராமணி வாங்கலாம். மைதாவிலும் சேமியாவிலும் இந்தக் கணக்கு நடக்காது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தால் அதை நிறுத்திவிட்டுக் காராமணியை நம்பக்கூடாது. மாத்திரை மாத்திரைதான், சாப்பாடு சாப்பாடுதான்.

நம்மில் உருது பேசும் குடும்பங்கள் இதை லோபியா என்பார்கள். அரபியில் லூபியா. சவூதிக்கும் துபாய்க்கும் போய் வந்தவர்கள் அங்கே கடைகளில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பார்கள். தெற்கேயும் கோவைப் பக்கமும் தட்டைப்பயறு. இலங்கையில் கௌபி. பிஞ்சாகப் பறித்தால் காராமணிக்காய், முற்றவிட்டுக் காயவைத்தால் காராமணி. கடையில் இரண்டு நிறம் கிடைக்கும். பெரிதாக, வெள்ளையாக, நடுவில் கறுப்புக் கண் வைத்தது ஒன்று. பொடியாகச் சிவப்பாக இருப்பது இன்னொன்று. நம் பையில் வருவது வெள்ளை. சிவப்பு கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்கும், ருசியும் கொஞ்சம் கூடுதல்.

சரி, வேகவில்லை என்ற புகாருக்கு வருவோம். காராமணி அடம்பிடிக்கிற பயறு அல்ல. கொண்டைக்கடலை, ராஜ்மாவோடு ஒப்பிட்டால் இதன் தோல் மெல்லியது. ஊறவைக்காமலே கூட வேகும். அப்படியும் வேகவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதல் காரணம், பழைய சரக்கு. நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் பல மாதம் கிடந்த பயறு உள்ளுக்குள்ளேயே இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஊறவைத்தாலும் எவ்வளவு வேகவைத்தாலும் பல்லில் நறநறக்கும். நிறம் மங்கி, தோல் சுருங்கி, கையில் அள்ளினால் தூசு பறந்தால் அது பழசு. மூன்று மாதத்துப் பாக்கெட்டைச் சேர்த்து வைத்தால் வேகாததற்கு அதுவே போதும். வந்த மாதமே பிரித்துவிடுங்கள்.

இரண்டாவது காரணம்தான் முக்கியம், தண்ணீர். நம் பக்கத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர். வாளியில் வெள்ளையாகப் படிகிறது, ஹீட்டர் காயில் சுண்ணாம்பு பிடிக்கிறது, சோப்பு நுரைக்க மாட்டேன் என்கிறது. இதெல்லாம் கடினத் தண்ணீரின் அடையாளம். அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பயறின் அணுக்களை ஒட்டிவைத்திருக்கும் பசையை இன்னும் இறுக்கிவிடும். அடுப்பு எரிய எரிய பயறு கல்லாகவே இருக்கும். ஆகவே காராமணியை ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிக்கிற தண்ணீரை எடுங்கள். மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ, எது குடிக்கிறீர்களோ அது. "கேன் தண்ணிய பயறுக்கு ஊத்தறதா" என்று தோன்றும். நான்கு டம்ளர் தண்ணீர் மிச்சம் பிடிக்கப் போய் அரை மணி நேரம் கேஸ் எரிப்பதில் என்ன லாபம்?

போர் தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது என்றால், நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை எடுங்கள். முழுவதும் சரியாகாவிட்டாலும் ஓரளவு குறையும். ஊறவைக்கும்போது நான்கு டம்ளர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் உப்புப் போடுங்கள். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அனுபவசாலிகள்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் உண்மை வேறு. உப்பு, அந்த இறுக்கத்தை உண்டாக்கும் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு தோலை இளக்கிவிடுகிறது. செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஆப்பச் சோடாவும் இளக்கும், ஆனால் கூடினால் சோப்பு வாடை வரும், பி1 வைட்டமினும் அழியும். வேறு வழியே இல்லாதபோது ஒரு சிட்டிகை போதும்.

மூன்றாவது காரணம், புளிப்பு. காராமணி பாதி வெந்திருக்கும்போதே தக்காளியைப் போட்டு, புளியைக் கரைத்து ஊற்றிவிடுகிறோம். புளிப்புப் பட்டதும் பயறு இளகுவது நின்றுவிடும். இரண்டு விரலில் நசுக்கினால் மாவாக மசிய வேண்டும். அதற்குப் பிறகுதான் புளியும் தக்காளியும்.

இனி, நேரம். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இதுதான் பெரிய கஷ்டம் என்பது தெரியும். ஊறவைப்பதை வேலை என்று நினைக்காதீர்கள், இஷாத் தொழுகையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இஷா முடிந்ததும் 200 கிராம் காராமணியைக் கழுவி, கல் பொறுக்கி, உப்புத் தண்ணீரில் போட்டு மூடி வைத்துவிட்டுப் படுங்கள். ஃபஜ்ர் நேரத்துக்கு அது ஊறி இரண்டு மடங்காகி இருக்கும். சித்திரை வைகாசி வெயிலில் மட்டும் கவனம். இரவெல்லாம் வெளியில் இருந்தால் நுரைத்துப் புளித்துவிடும். ஃபிரிட்ஜில் வையுங்கள், அல்லது நான்கைந்து மணி நேர ஊறலோடு நிறுத்துங்கள்.

இந்த ஊறவைக்கிற வேலையைத்தான் சகோதரர்களுக்கு என்று சொன்னோம். நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் உதவியாக இருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருப்பதை ஜும்ஆவில் எத்தனையோ முறை கேட்டுவிட்டு வருகிறோம். இஷா முடிந்து வீட்டுக்கு வந்து ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற யாருக்கும் பயிற்சி தேவையில்லை.

காலையில் ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி, குக்கரில் போட்டு, பயறுக்கு மேல் ஒரு விரல் அளவு தண்ணீர் நிற்கும்படி ஊற்றுங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். நுரை பொங்கி விசில் துளையை அடைக்காமல் இருக்க அதுதான் பாதுகாப்பு. குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பவே கூடாது. ஒரு விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கி ஐந்து நிமிடம், பிறகு அணைத்துவிடுங்கள். விசிலைத் தூக்கிவிடாமல் ஆவி தானாக அடங்கும்வரை விடுங்கள். அந்தச் சூட்டிலேயே மிச்சம் வெந்துவிடும், அதற்குக் கேஸ் செலவில்லை. குக்கர் இல்லாதவர்கள் மூடிய பாத்திரத்தில் வேகவைத்தால் முப்பது நாற்பது நிமிடம் ஆகும். ஊறவைக்க மறந்துவிட்டீர்களா? கழுவிய பயறை இரண்டு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அணைத்து, ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். இரவு முழுக்க ஊறினதுக்குச் சமம்.

ஒரு நாளைக்கு மட்டும் வேகவைக்காதீர்கள். அரைக் கிலோவை ஒரே தடவையில் வேகவைத்தால் ஒன்றேகால் கிலோ கிடைக்கும். அன்றைக்கு வேண்டியது போக மிச்சத்தை ஆறினதும் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். ஃப்ரீசரில் இன்னும் அதிக நாள். வேலை முடிந்து ரயிலில் இறங்கி ஏழு மணிக்கு வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு, வெந்த பயறு கையில் இருந்தால் குழம்பு பதினைந்து நிமிட வேலை.

வயிறு உப்பும் தொல்லை. காராமணியில் நம் குடலால் செரிக்க முடியாத சில சர்க்கரைகள் இருக்கின்றன. அவை பெருங்குடலுக்குப் போய் அங்கிருக்கும் கிருமிகளுக்கு உணவாகி வாயுவாகின்றன. ஊறின தண்ணீரைக் கொட்டினால் அவற்றில் ஒரு பங்கு போய்விடும். கொஞ்சம் சத்தும் கூடவே போகும்தான், ஆனால் வாயுத் தொல்லை உள்ளவர்கள் அதைப் பொருட்படுத்த வேண்டாம். வேகவைத்த தண்ணீரை மட்டும் கொட்டாதீர்கள், அது குழம்புக்கோ ரசத்துக்கோ. பூண்டு, இஞ்சி, சீரகம், பெருங்காயம் தாராளமாகச் சேருங்கள். பழக்கமில்லாதவர்கள் முதல் வாரம் இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொண்டு மெதுவாகக் கூட்டுங்கள். அரைகுறையாக வெந்த பயறுதான் வயிற்றை அதிகம் படுத்தும். சிறுநீரகக் கோளாறுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்தப் பயறையும் கூட்டக் கூடாது.

பிள்ளைகள் தொடவில்லை என்பதற்கு வருவோம். வெறும் சுண்டலாகவே கொடுத்தால் எந்தப் பிள்ளைக்கும் அலுக்கும். நம் வீடுகளில் தால்சா வைப்போம் அல்லவா? துவரம்பருப்பில் பாதியைக் குறைத்து அங்கே வெந்த காராமணியைப் போடுங்கள். எலும்பும் கத்தரிக்காயும் மாங்காயும் எப்போதும் போல. ருசி கெடாது, குழம்பும் கெட்டியாகும். வெள்ளிக்கிழமை அரைக் கிலோ கறி எடுக்கும் வீட்டில் அதைக் காராமணியோடு சேர்த்துச் சமைத்தால் இரண்டு வேளைக்கு வரும். இதில் இன்னொரு நன்மை உண்டு. பயறில் இருக்கும் இரும்புச் சத்து தனியாகச் சாப்பிட்டால் உடம்பில் குறைவாகத்தான் சேரும். கூடவே கொஞ்சம் கறியோ மீனோ இருந்தால் அதிகமாகச் சேரும். காராமணியும் கருவாடும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு மெட்ராஸ் வீடுகளில் தலைமுறையாக நடப்பது, பாட்டிமார் காரணம் தெரிந்துதான் வைத்தார்களோ என்னவோ. கறி இல்லாத நாளில் எலுமிச்சை பிழியுங்கள், அல்லது முருங்கைக்கீரையோடு பொரியல் செய்யுங்கள். புளிப்பான பழமும் கீரையும் அதே வேலையைச் செய்யும்.

நம் எல்லோருக்கும் கஷ்டமான ஒன்றைச் சொல்லப் போகிறோம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. பால் டீயானாலும் சுலைமானியானாலும் அப்படித்தான். காராமணி சாப்பிட்டு உடனே டீ குடித்தால் பாதிப் பலன் டம்ளரிலேயே போய்விடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். டீயை விடச் சொல்லவில்லை, அதைச் சொன்னால் அடுத்த கூட்டத்துக்கு யாரும் வரமாட்டீர்கள்!

பிள்ளைகளுக்கு வடையாகச் செய்து கொடுங்கள். ஊறின காராமணியைக் கையால் கசக்கினால் தோல் கழன்று தண்ணீரில் மிதக்கும். அதை வடித்துவிட்டுத் தண்ணீர் அதிகம் விடாமல் அரைத்து, வெங்காயம், பச்சை மிளகாய், உப்புச் சேர்த்து, காற்று ஏறும்படி நன்றாக அடித்து எண்ணெயில் போடுங்கள். உளுந்து வடை போலப் பஞ்சாக வரும். இது நம் கண்டுபிடிப்பு அல்ல. உலகத்திலேயே அதிகம் காராமணி விளையும் நாடு நைஜீரியா. இந்தப் பயறின் பூர்வீகமே ஆப்பிரிக்காதான். நைஜீரியாவின் வடபகுதியில் ஹவுசா மொழி பேசும் முஸ்லிம்கள் இந்த வடையைக் கோசை என்கிறார்கள். நோன்பு திறக்கும்போது தானிய மாவில் காய்ச்சிய கஞ்சியும் கூடவே கோசையும். நம் பள்ளிவாசலில் கஞ்சியும் வடையும் என்ன சேர்மானமோ, அதே சேர்மானம் பல ஆயிரம் மைல் தள்ளி அங்கேயும் இருக்கிறது! மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட மக்கள் இதே வடையைப் பிரேசிலின் பாஹியாவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே இன்றும் தெருவில் பெண்கள் சுட்டு விற்கிறார்கள். அந்த அடிமைகளில் முஸ்லிம்களும் இருந்தார்கள். 1835 ஜனவரியில், அதுவும் ரமளான் மாதத்தில், பாஹியாவின் சல்வடார் நகரில் அவர்கள் விடுதலைக்காகக் கிளர்ந்தெழுந்த வரலாறு தனியாகப் பேச வேண்டியது. இன்னொரு நாள் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.

நம் பக்கத்து வீடுகளில் மாசி முடிந்து பங்குனி பிறக்கும்போது காரடையான் நோன்புக்கு அடை தட்டுவார்களே, அதிலும் முழுதாகக் காராமணி இருக்கும். தட்டில் வைத்து நமக்கும் கொடுத்தனுப்புவார்கள். கேட்டுப் பாருங்கள், பக்குவம் சொல்லித் தருவார்கள்.

வண்டு. பயறின் மேல் வெள்ளைப் புள்ளி ஒட்டினாற்போல் இருந்தால் அது முட்டை. அதிலிருந்து வரும் புழு உள்ளே துளைத்துப் போய்த் தின்றுவிட்டு வண்டாகி வெளியே வரும்போதுதான் வட்டமாக ஓட்டை தெரியும். ஓட்டை தெரியும்போது நேரம் கடந்துவிட்டது. அதனால் பாக்கெட் வந்தவுடன் ஒரு நல்ல வெயிலில் மெல்லிய பரப்பாகக் காயவைத்து, ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் கழுத்துவரை நிரப்பி இறுக்க மூடுங்கள். பாதி டப்பாவில் வைத்தால் மீதியில் இருக்கும் காற்று வண்டுக்கு உதவும். ஃப்ரீசரில் இடம் இருந்தால் நான்கைந்து நாள் வைத்து எடுங்கள், முட்டையும் செத்துவிடும். இந்த வண்டுக்காகவே ஆப்பிரிக்காவின் கேமரூனில் காற்றுப் புகாத மூன்றடுக்குப் பை ஒன்றை உருவாக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். மருந்தே இல்லாமல், மூச்சுவிடக் காற்று இல்லாமல் வண்டு சாகிறது. நம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் செய்வதும் அதைத்தான்.

பேச்சு முடிந்ததும் சகோதரிகள் கேட்ட இரண்டு கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறோம்.

நோன்புக் கஞ்சியில் காராமணி போடலாமா என்று ஒரு சகோதரி கேட்டார். போடலாம். அரிசியோடு சேர்த்துப் போட்டால் அரிசி குழைந்து பயறு நிற்கும். தனியாக வேகவைத்து, கரண்டியால் பாதி மசித்து, தேங்காய்ப்பால் ஊற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் சேருங்கள். பாசிப்பருப்பு போடும் அளவில் பாதி போதும். சஹருக்கும் நல்லது, மெதுவாகச் செரிப்பதால் பகலில் சீக்கிரம் பசி எடுக்காது. ஆனால் முதல் நோன்பன்று புதிதாக ஆரம்பிக்காதீர்கள். ஷஃபான் மாதத்திலேயே வயிற்றைப் பழக்கிவிடுங்கள்.

தனியாக இருக்கும் வயதான தாய் ஒருவர், "குக்கரத் தூக்கவே கையில பலம் இல்ல, நான் எங்க வேகவைக்கறது" என்றார். நியாயமான கேள்வி. அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று அங்கேயே பெயர் எழுதிக்கொண்டோம். அடுத்த மாதத்திலிருந்து அவர்களுடைய பையில் காய்ந்த காராமணி இருக்காது. பக்கத்துத் தெருச் சகோதரிகள் மூன்று பேர் தங்கள் வீட்டில் வேகவைக்கும்போது அவர்கள் பங்கையும் சேர்த்து வேகவைத்து, சனிக்கிழமை தோறும் டப்பாவில் கொண்டு கொடுப்பதாகப் பொறுப்பேற்றிருக்கிறார்கள். உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருந்தால் அலுவலகத்தில் சொல்லுங்கள். மூடி நன்றாகப் பொருந்துகிற எவர்சில்வர் டப்பாக்கள் உங்கள் வீட்டில் கூடுதலாக இருந்தால் அவற்றையும் கொண்டு வாருங்கள், இப்போதைக்கு அதுதான் தட்டுப்பாடு.